சென்னை ஒன்றேகால் மணித்தியாலம், பலாலி முப்பத்தைந்து வருசம்

"சென்னைக்கு ஒரு மணித்தியாலம்தான் மச்சான். கொழும்புக்குப் போய்ச் சேருற நேரத்துக்குள்ள ஏழு தரம் போகலாம்."

கன்ரீன் மேசையில் இதைச் சொன்னது எங்கட வகுப்பு நண்பன் ஒருத்தன். சொன்னதோடு நிற்காமல் போனில் ஒரு காணொளியையும் காட்டினான். காலமை யாழ்ப்பாணத்தில புட்டு, பின்னேரம் சென்னையில தோசை எண்டு ஒரு பெடியன் சிரிச்சுக்கொண்டு திரியிறான். பின்னணியில சினிமாப் பாட்டு. அதில் தொடங்கின சண்டை இரண்டு கிழமையாகியும் முடியவில்லை. அந்தச் சண்டையில் எங்கட பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் கணக்கைச் சரியாகப் போடுவோம். எங்கட கூட்டத்தில் இரண்டு பேர் புவியியல் படிக்கினம். பலாலி ஏறத்தாழ 9.8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கு. சென்னை விமான நிலையம் 13 பாகையில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், 80 பாகைக்குப் பக்கத்தில். ஆகவே இடையில் 3.2 பாகை, பாகைக்கு 111 கிலோமீற்றர், மொத்தம் 355 கிலோமீற்றர். இதே மாதிரிப் பலாலியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போட்டால் 290 வருகுது. திருச்சி கொஞ்சம் மேற்கால விலகி இருக்கு, அதுக்குப் பைதகரசைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. விடை 185க்குக் கிட்ட. அதாவது வான்வழியில் எங்களுக்குக் கட்டுநாயக்கவை விடத் திருச்சி நூறு கிலோமீற்றர் கிட்ட. சென்னையும் கட்டுநாயக்கவும் அறுபத்தைந்து கிலோமீற்றர் வித்தியாசம்.

இந்த வழியில் பறக்கிறது ஏ.ரி.ஆர். 72 எண்ட சுழலி விமானம். எழுபது எண்பது பேர் இருக்கலாம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும். வெறும் பெருக்கல் வகுத்தலில் பார்த்தால் 355 கிலோமீற்றருக்கு 43 நிமிசம். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் எண்டு போட்டிருப்பினம். அதில் பிழையில்லை. நின்ற இடத்தில் இருந்து வெளிக்கிட்டு, ஓடுபாதைக்கு வந்து, மேல ஏறி, பிறகு சென்னையில் இறங்க முறை பார்த்து, இறங்கி, மற்ற நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும் சேர்த்துத்தான் அந்த நேரம். விமானக்காரர் கதவு மூடின நேரத்தில் இருந்து கதவு திறக்கிற நேரம் வரைக்கும் எண்ணுகினம். அவையின்ர கணக்கு அவைக்குச் சரி. எங்கட கேள்வி, எங்கட ஆக்களும் ஏன் அதே கதவில இருந்து எண்ணத் தொடங்கினம் எண்டதுதான்.

ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லவேணும். இந்த விமானம் வேணும் எண்டு நிற்கிற ஆக்களில் நாங்களும் அடக்கம். எங்களில் மூன்று பேர் காசு சேர்த்துச் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தவை. திரும்பி வரேக்க பொதியின்ர நிறை கூடிப்போய், உடுப்பை அங்க விட்டிட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தவை. எனவே "இவங்கள் எல்லாத்துக்கும் எதிர்ப்பு" எண்டு எங்களைத் தள்ளிவிட ஏலாது.

இந்த வழி இல்லாத காலத்தில் எங்கட அப்பா அம்மா தலைமுறை சென்னைக்குப் போனது எப்பிடி? யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, 400 கிலோமீற்றர் தெற்கே போய், விடியக் கட்டுநாயக்கவில் இறங்கி, மூன்று மணித்தியாலம் காத்திருந்து, விமானம் ஏறுகிறது. அந்த விமானம் பிறகு வடக்கே பறக்கும். கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கோ, அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலாலதான் போகும். இரவு முழுக்கக் கால் வீங்கப் போன மனிசர் காலமை அரை மணித்தியாலத்தில் தங்கட வீட்டுக் கூரைக்கு மேலால போகினம். இதை எத்தனையோ வருசம் ஒருத்தரும் விசர் வேலை எண்டு சொல்லவில்லை. நாட்டின் வாசல் ஒரு இடத்தில்தான் இருக்கும் எண்டு நாங்களும் பழகிப்போனோம்.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலியைச் சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்தார்கள். நவம்பர் 11 அன்று அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. ஜனாதிபதித் தேர்தல் நவம்பர் 16. நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு உண்டு, மன்னிக்கவேணும். அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில்தான் திரும்பி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னைக்குத் தொடங்கியது, 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும்.

ஒவ்வொரு தரமும் "வரலாற்றில் முதன்முறை" எண்ட மாதிரி மாலையும் குத்துவிளக்கும். எயார் சிலோனின் முதல் பயணிகள் சேவை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் இருந்து மதராசுக்குப் போனது. அந்த டக்கோட்டா விமானம் இடையில் இறங்கின இடம் காங்கேசன்துறை. அப்ப காங்கேசன்துறை எண்டு எழுதினது இந்தப் பலாலி ஓடுபாதையைத்தான், இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கு. சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆகவே ஒருத்தரும் எங்களுக்குப் பரிசு தரவில்லை. எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தந்திருக்கினம், அதுவும் தவணை முறையில்.

பலாலி விமானம் எண்டால் எங்கட பெற்றோருக்கு ஞாபகம் வாறது வேற. ஏ9 பாதை மூடியிருந்த காலத்தில் குடாநாட்டை விட்டுப் போக இருந்த வழி கப்பலும், இரத்மலானைக்குப் போற விமானமும்தான். பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலம். அனுமதிக்குக் காத்திருக்கிற நேரம் கிழமைக்கணக்கு. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் இருந்து வெளிக்கிட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே புலிகளின் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏறினவை 55 பேர். பயணநேர அட்டவணையில் அதுக்கும் ஒரு மணித்தியாலம் எண்டுதான் போட்டிருந்திருக்கும்.

இன்னொரு சின்ன விசயம், கட்டுரைக்கு வெளியே போகுது எண்டாலும் விட மனமில்லை. இப்ப யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மணிக்கூடு ஒரே நேரம் காட்டும். 1996 இல் கொழும்பு நேரத்தை முன்னால் தள்ளினது. பத்து வருசம் இலங்கையும் இந்தியாவும் வேற வேற நேரம். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். அதாலே கிளிநொச்சி மணிக்கூடு கொழும்போடு ஒத்துப்போகாமல் சென்னையோடு ஒத்துப்போனது. 2006 சித்திரையில்தான் எல்லாம் திரும்ப ஒன்றாகின. நேரமும் தூரமும் இந்த நாட்டில் எப்பவும் யாரோ ஒருத்தரின் தீர்மானம்தான் எண்டதுக்கு எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

இனி விசயத்துக்கு வாறம்.

எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குச் சொந்த ஊர் பலாலி. 1990 ஆனி மாதம் ஊரோடு எழும்பினவை. முதலில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு முகாம், பிறகு சொந்தக்காரர் வீடு, இப்ப மல்லாகத்தில் வாடகை வீடு. காணி இன்னும் பாதுகாப்பு வலயத்துக்குள்ள. இந்த வருசம் மாசியில் அம்மம்மாவைக் கண் சிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. பேத்தியார்தான் துணை.

இவையின்ர சென்னைப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்தது? இடம்பெயர்வில் துலைஞ்ச பிறப்புப் பத்திரத்துக்குப் புதுப் பிரதி எடுக்க ஒரு மாதம். கடவுச்சீட்டுக்கு வவுனியாவுக்கு இரண்டு தரம். விசாவுக்குக் கடிதம், வங்கிப் புத்தகம், படம் எண்டு மூன்று கிழமை. ரிக்கெற் போட மாமா கனடாவில் இருந்து காசு அனுப்பும் வரைக்கும் இன்னொரு பத்து நாள். அதுக்குப் பிறகுதான் அந்தப் பேர்போன ஒன்றேகால் மணித்தியாலம்.

மல்லாகத்தில் இருந்து விமான நிலையம் ஓட்டோவில் போற தூரம்தான். அம்மம்மாவின் காணி ஓடுபாதையில் இருந்து கூப்பிடு தூரம். விமானம் எழும்பேக்க அவா யன்னலோடு முகத்தை ஒட்டி வைச்சுக்கொண்டு கேட்டாவாம்.

"பிள்ளை, எங்கட கிணத்தடி தெரியுதோ?"

"தெரியேல்ல அம்மம்மா. எது எங்கட பக்கம் எண்டு சொல்லுங்கோ."

"அந்தப் பனையளுக்கு இஞ்சால."

கீழே தகரக் கூரைகளும் பற்றைகளும் ஒரு வெட்டை வெளியும். இவளுக்கு அந்த ஊர் தெரியாது, பிறந்ததே முகாமில். அம்மம்மாவுக்குக் கண் தெரியாது. இரண்டு பேருமாக ஒரு காணியைத் தேடியிருக்கினம். அரை நிமிசத்தில் கடல் வந்திட்டுது. "இப்பதான் முதல் தரம் உள்ளுக்குப் போய்ப் பார்த்தனான்" எண்டு அம்மம்மா பிறகு அயலட்டைக்குச் சொன்னாவாம். உள்ளுக்கு எண்டு அவா சொன்னது மேலால.

சித்திரையில் இன்னொரு செய்தி வந்தது. 2025 ஏப்ரல் 10 அன்று வசாவிளானில் இருந்து பலாலிக்குப் போகிற வீதியை முப்பத்து நாலு வருசத்துக்குப் பிறகு திறந்தார்கள். பெரிய சந்தோசம். வாசலில் பலகையும் வைத்தார்கள். காலை 6 மணி தொடக்கம் மாலை 5 மணி வரைதான் எண்டு அதில் இருந்தது. வாகனத்தை நிற்பாட்டக் கூடாது. திருப்பக் கூடாது. நடந்து போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. ஒரு வீதிக்கு இத்தனை கூடாது. அம்மம்மா பஸ்ஸில் போய் வந்தா. பஸ் நிற்காது எண்டு தெரிஞ்சும் எழும்பி நிண்டு கம்பியைப் பிடிச்சபடி பார்த்துக்கொண்டு வந்தாவாம். விமானத்தில போன அதே பயணம், உயரம் மட்டும் குறைவு.

இப்ப எங்கட நண்பனிடம் கேட்கிறோம். மல்லாகத்தில் இருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம் எண்டு நீ எங்கே இருந்து எண்ணப் போறாய்?

எதிர்வாதங்கள் மூன்று வந்தன. ஒன்றை ஒன்றாகப் பார்ப்போம்.

கொழும்புப் பக்கம் இருந்து வாறது, "இந்த விமான நிலையம் இலாபம் இல்லை, ஆக்கள் காணாது" எண்டது. இதுக்கு நிறைய எழுதத் தேவையில்லை. மத்தலயில் பெரிய விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதையைக் கடன் வாங்கிப் போட்டிட்டு வெறுமனே வைத்திருந்த நாட்டில், எழுபது பேர் இருக்கிற விமானத்துக்கு இலாப நட்டம் பார்க்கிறவையோடு எங்களுக்குப் பேச்சு இல்லை.

இரண்டாவது எங்கட பக்கத்தில் இருந்தே வாறது. "ஓடுபாதை சின்னன், அதாலதான் ஏ.ரி.ஆர். மட்டும் வருகுது. நீட்டினால் ஏ320 வரும், ரிக்கெற் விலை குறையும், புலம்பெயர்ந்த ஆக்கள் நேரா வந்து இறங்குவினம். அதுக்குக் காணி போனால் போகட்டும், முழு வடக்குக்கும் நன்மைதானே." இதைச் சொல்லுறது அரசாங்க ஆக்கள் மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட வர்த்தகர் சொல்லுகினம், எங்கட அரசியல்வாதிகள் மெதுவாச் சொல்லுகினம், எங்கட விரிவுரை மண்டபத்திலும் கேட்டிருக்கிறோம்.

இந்த வாதத்தில் ஒரு தந்திரம் இருக்கு. இது ஓடுபாதையையும் கிணத்தடியையும் எதிர் எதிரே நிற்பாட்டிப்போட்டு எங்களைத் தெரிவு செய்யச் சொல்லுது. அதுக்கு இடையில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பற்றிப் பேச்சே வராது. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போகிறோம் எண்டு அறிவித்தல் ஒட்டினார்கள். இராணுவத் தேவைக்கு எண்டுதான் அதில் இருந்தது. காணிக்காரரைக் கண்டுபிடிக்க ஏலாமல் இருக்கு எண்டும் சொன்னார்கள். காணிக்காரர் அங்கே இருந்து சில கிலோமீற்றர் தள்ளி முகாம்களில் அரசாங்க நிவாரணத்தில் இருந்தார்கள், பேர் விபரம் எல்லாம் அரசாங்கத்தின் கையிலேயே. சனம் வழக்குப் போட்டது. 2015க்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள், இன்னும் முழுதாக விடவில்லை. ஒரு ஓடுபாதைக்கு 6,381 ஏக்கர் தேவையில்லை எண்டு தெரிய விமானம் ஓட்டப் படித்திருக்க வேண்டியதில்லை. பலாலியில் ஏற்கெனவே இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஓடுபாதை உண்டு. இருக்கிறதை முதலில் ஒழுங்காகப் பாவியுங்கோ. இராணுவம் பயிர் செய்கிற காணிக்கும், காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்துகிற உல்லாச விடுதிக்கும் விமானம் இறங்குவதில்லை. அதைக் கேட்கத் துணிவு இல்லாத ஆக்கள்தான் அம்மம்மாவிடம் தியாகம் கேட்கினம்.

முப்பத்தைந்து வருசமாகத் தியாகம் செய்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் செய்யுங்கோ எண்டு கேட்கிறதுக்கு முதல், கேட்கிறவர் தன்ர வீட்டு வளவில் ஒரு பரப்பைத் தந்து காட்டட்டும்.

மூன்றாவது வாதம் எங்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சண்டையைத் தொடக்கின நண்பன் சொன்னது: "எல்லாத்தையும் காணியோட முடிச்சுப் போட்டால் எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது. கிடைக்கிறதை முதல்ல எடுப்பம். விமானம் வந்தால் சனம் வரும், சனம் வந்தால் இராணுவம் தானாகவே பின்வாங்கும்." கேட்க நியாயமாக இருக்கு. 2019 இல் இருந்து ஆறு வருசம் போச்சு. விமானம் வந்தது, சனமும் வந்தது. வேலி பெரும்பாலும் நிண்ட இடத்தில்தான் நிற்குது. இன்னும் ஆறு வருசம் பொறுப்போம் எண்டு அவன் சொல்லலாம். அவனுக்கு இருபத்திமூன்று வயது. அம்மம்மாவுக்கு எழுபத்தெட்டு.

விமானம் வந்தால் எல்லாம் தானாக இளகும் எண்டு நம்புகிறவைக்கு இன்னொன்றும் சொல்லவேணும். 2025 மே மாதம், தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்து ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் ஏற்பாட்டோடு ஊர் திரும்பின முதியவர் ஒருவரைப் பலாலியில் வந்து இறங்கின கையோடு கைது செய்தார்கள். குற்றம், அந்தக் காலத்தில் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. குண்டு விழேக்க வள்ளத்தில் ஏறின மனிசன் குடிவரவு முத்திரை குத்தவில்லையாம். கண்டனம் எழும்பின பிறகு சட்டத்தைப் பார்க்கிறோம் எண்டார்கள். அந்த மனிசன் எத்தனையோ வருசமாகக் காத்திருந்த பயணம், பறந்தது ஒன்றேகால் மணித்தியாலம், வந்து சேர்ந்தது பொலிசில். போகேக்க வள்ளத்தில் எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் எண்டு எந்த அட்டவணையிலும் இல்லை.

நண்பன் இன்னும் எங்களோடதான் தேத்தண்ணி குடிக்கிறான். "சரி, அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" எண்டு கேட்டான். நியாயமான கேள்வி. சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் தினமும் ஓடட்டும், விலை குறையட்டும். வசாவிளான் வீதியில் இருக்கிற பலகையைக் கழற்றட்டும், நடந்து போகிற மனிசர் நடந்து போகட்டும். ஓடுபாதை நீட்டுகிறது எண்டால் எத்தனை பரப்பு, யாருடைய காணி, எந்த வரைபடம் எண்டு பிரதேச செயலகத்தில் தமிழில் ஒட்டட்டும். காணிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். அதுக்கு வெளியே இருக்கிற காணி முழுவதையும் அதுக்கு முதலே விடட்டும். "முதலே" எண்ட சொல்லில்தான் எங்களுக்கும் அவனுக்கும் இன்னும் இழுபறி. பிறகு எண்டால் என்ன எண்டு கேட்கிறான்.

அம்மம்மாவுக்கு ஒரு கண் சரி வந்திட்டுது. மற்றக் கண்ணுக்கு மார்கழியில் திரும்பப் போகவேணும். இந்தத் தரம் பேத்தி இடப்பக்கமா வலப்பக்கமா எண்டு பார்த்து யன்னலோர இருக்கையாகப் பதிந்து வைத்திருக்கிறாள்.